மாட்டை வாலைப் பிடிச்சா நிறுத்துவீங்க?

ஏர் ஓட்டினவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு கேள்வி. ஓடுற மாட்டை நிறுத்தணும்னா எங்க பிடிப்பீங்க? மூக்கணாங்கயிறுதானே? வாலைப் பிடிச்சு இழுத்தா மாடு நிக்காது. உதைக்கும், இல்லன்னா நம்மையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வரப்பைத் தாண்டிப் போகும். இது எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனா அதே ஊர்ல, அதே ஆளுங்க, பைக்ல ஏறி உட்கார்ந்ததும் வாலை மட்டும்தான் பிடிக்கிறாங்க. வலது கால் பின் பிரேக்கை மிதிக்கும். வலது கை முன் பிரேக் பக்கமே போகாது. "முன் பிரேக்கைப் பிடிச்சா குப்புற விழுவ" என்று அப்பா சொன்னார், மாமா சொன்னார், லைசன்ஸ் எடுக்கக் கூட்டிட்டுப் போனவரும் சொன்னார். நானும் இருபது வருஷம் அதையே நம்பினேன். என் பையனுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். இந்தப் பதிவு அந்தப் பாவத்தைக் கழுவிக்கத்தான்.

வழக்கமா இங்க நெல், வேர்க்கடலை, ஏரி, கூலி ஆள் கிடைக்காத கதைன்னு எழுதுவேன். இன்னிக்கு பிரேக் பத்தி. நகரத்துல இருக்கிற நீங்க "இது நமக்கில்ல"ன்னு தாண்டிப் போயிடாதீங்க. உங்களுக்கும் ஒரு பங்கு வெச்சிருக்கேன்.

நடந்ததைச் சொல்லிடுறேன். போன தை மாசம், அறுவடை முடிஞ்ச நேரம். கலவையிலிருந்து யூரியா மூட்டை ஒண்ணு பின்னால கட்டிக்கிட்டு வரேன். 2006-ல வாங்கின நூறு சிசி வண்டி. எங்க ஊர் ஏரிக்கரை இறக்கத்துல இடது பக்கம் ஒரு தெரு வந்து சேரும். வேகம் அதிகமில்ல, அம்பதுக்குள்ளதான். தெருவிலிருந்து பக்கத்து வீட்டுப் பொண்ணு, பதினொண்ணாவது படிக்கிறா, பள்ளிக்கூடத்துல கொடுத்த சைக்கிள்ல திரும்பி வந்துட்டா. நான் பின் பிரேக்கை முழுசா மிதிச்சேன். சக்கரம் இறுகி நின்னு போச்சு. வண்டி நிக்கல. பின்பக்கம் பாம்பு மாதிரி வளைஞ்சு வழுக்கிக்கிட்டே போச்சு. முன் பிரேக்கையும் அந்த நேரத்துல கை தானாகப் பிடிச்சது. லீவர் ஹேண்டில் பார் வரைக்கும் வந்து ஒட்டிக்கிச்சு. ஒண்ணும் நடக்கல. சைக்கிளோட பின் சக்கரத்துல மோதி, அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம்.

அந்தப் பிள்ளைக்கு இடது மணிக்கட்டுல எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. எனக்கு முட்டியில சிராய்ப்பு. அவங்க அப்பா என்னைத் திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். "பார்த்து வரக்கூடாதாண்ணா"ன்னு மட்டும் சொன்னாரு. அது இன்னும் காதுல இருக்கு.

வண்டியை மெக்கானிக்கிட்ட தள்ளிட்டுப் போனேன். முன் பிரேக் கேபிளைக் கழற்றிப் பார்த்துட்டு, "இன்னாண்ணா இது, உள்ள துரு புடிச்சு இறுகிப் போயிருக்குது. இத வச்சிகினா இத்தினி நாளு ஓட்டுன?" என்றார். எனக்குப் பதில் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால, மழையில முன் பிரேக் "கவ்வுது"ன்னு அந்த நட்டைத் தளர்த்தி விட்டவனே நான்தான். வண்டி மேல குத்தம் இல்ல. மெக்கானிக் மேல குத்தம் இல்ல. மூக்கணாங்கயிறை அவிழ்த்து விட்டுட்டு மாட்டை ஊருக்குள்ள ஓட்டிக்கிட்டு வந்தவன் நான்.

இனி வாதத்துக்கு வரேன்.

வண்டி ஓடும்போது பிரேக் பிடிச்சா உடம்பு முன்னால சாயுதில்ல? வண்டியோட எடையும் அப்படித்தான் முன் சக்கரத்துக்குப் போகுது. பின் சக்கரம் லேசாகிடும். லேசான சக்கரத்துக்குத் தரையில பிடிப்பு குறைவு. அதை எவ்வளவு மிதிச்சாலும் இறுகி வழுக்குமே தவிர நிக்காது. என் பையன் பிளஸ் டூ பிசிக்ஸ் வெச்சு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். காய்ந்த தார் ரோட்டுல, ரெண்டு பிரேக்கையும் நல்லாப் பிடிச்சா, மொத்தப் பிரேக் வேலையில ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல முன் சக்கரம்தான் செய்யுது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல பின் பிரேக் மட்டும் மிதிச்சா நிக்க ஏறக்குறைய 34 மீட்டர். ரெண்டும் சேர்த்துச் சரியாப் பிடிச்சா 15 மீட்டர். தோராயக் கணக்குதான், டயர், ரோடு, சுமையைப் பொறுத்து மாறும். ஆனா வித்தியாசம் ஒரு பஸ் நீளத்துக்கும் மேல. அந்தப் பிள்ளை என்னிடமிருந்து இருபது இருபத்தஞ்சு மீட்டர் தூரத்துல இருந்தா. கணக்கை நீங்களே போட்டுக்கங்க.

"குப்புற விழுவ" என்ற பயம் எங்கிருந்து வந்துச்சு? சைக்கிள்லேருந்து வந்திருக்கணும். சைக்கிள் எடை குறைவு, ஓட்டுறவன் உயரமா உட்கார்ந்திருப்பான், முன் சக்கரம் கிட்டக்க இருக்கும். இறக்கத்துல முன் பிரேக்கைச் சட்டுன்னு பிடிச்சா நிஜமாவே தலைகீழா விழலாம். நூறு சிசி பைக் அப்படியில்ல. நீளம் அதிகம், எடை கீழே இருக்கு. சமதரையில அது குப்புறக் கவிழ்றதுக்கு முன்னாடியே முன் டயர் வழுக்க ஆரம்பிச்சிடும்.

அந்த வழுக்கல் ஆபத்தில்லையான்னு கேட்டா, ஆபத்துதான். மறுக்கல. எங்க ரோட்டைப் பாருங்க. அறுவடை நாள்ல பாதி ரோடு நெல் காயப்போட்டிருக்கும். மீதிப் பாதியில வேர்க்கடலைச் செடி. ஏரி மண் அடிக்கிற டிராக்டர் கொட்டிட்டுப் போன சேறு. இதுல ஹேண்டிலைத் திருப்பி வெச்சுக்கிட்டு முன் பிரேக்கைக் கவ்வினா கீழ விழத்தான் செய்வோம். அதனாலதான் முன் பிரேக்கைக் கத்துக்கணும்னு சொல்றேன். வண்டி நேரா இருக்கும்போது, ரெண்டு விரலாலயோ மூணு விரலாலயோ, பால் கறக்குற மாதிரி மெதுவா ஆரம்பிச்சு இறுக்கணும். எடை முன்னால வந்ததும் இன்னும் இறுக்கலாம். மண்ணு, நெல்லு, திருப்பம் இருந்தா அதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும். மாடு முட்டும்னு யாராவது மூக்கணாங்கயிறையே அறுத்துப் போடுவாங்களா? நாம அதைத்தான் செஞ்சிருக்கோம்.

இதை நான் மட்டும் சொல்லல. அரசாங்கமே வேற பாஷையில ஒத்துக்கிட்டிருக்கு. 2018 ஏப்ரல்லேருந்து புதுசா அறிமுகமாகுற இருசக்கர வண்டிக்கும், 2019 ஏப்ரல்லேருந்து விற்கிற எல்லாப் புது வண்டிக்கும் ஒரு விதி வந்துச்சு. 125 சிசிக்கு மேல இருந்தா ஏபிஎஸ் கட்டாயம். அதுக்குக் கீழ இருந்தா சிபிஎஸ்ஸாவது இருக்கணும். சிபிஎஸ்னா என்ன? நீங்க பின் பிரேக்கை மிதிச்சா அது தானாவே முன் பிரேக்கையும் கொஞ்சம் பிடிக்கும். அதாவது, "இந்த ஜனங்க முன் பிரேக்கைத் தொடப் போறதில்ல, நாமளே கம்பி கட்டிப் பிடிக்க வெச்சிடுவோம்" என்பதுதான் அதோட அர்த்தம். நல்ல விதி. ஆனா 2019-க்கு முன்னால வாங்கின வண்டிக்கு இது கிடையாது. எங்க ஊர்ல எந்தத் தெருவுல வேணாலும் போய் நில்லுங்க. பாதி வண்டிக்கு மேல பத்து வயசு தாண்டினது. நாற்பது லிட்டர் கேன் ரெண்டைத் தொங்க விட்டுக்கிட்டு விடியக்காலம் போற பால்காரர் வண்டி, ராணிப்பேட்டை பக்கம் தோல் கம்பெனி, ஷூ கம்பெனி ஷிஃப்டுக்குப் போற பசங்க வண்டி, மூணு பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போற அப்பா வண்டி, எல்லாமே பழசு. அதிகச் சுமை ஏத்துறது பழைய வண்டியில. பாதுகாப்பு விதி புது வண்டிக்கு.

மத்திய அரசு வெளியிட்ட கணக்கு: 2022-ல இந்தியா முழுக்கச் சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல இருசக்கர வண்டியில போனவங்க. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில முதல் இடம் நம்ம தமிழ்நாடு, 64,105. இதுல எத்தனை பேர் வாலைப் பிடிச்சவங்கன்னு எந்தப் பட்டியல்லயும் வராது. "அதிவேகம்"னு எழுதி முடிச்சிடுவாங்க. என்னோடதும் கேஸ் ஆகியிருந்தா அப்படித்தான் எழுதியிருப்பாங்க.

அடுத்து கம்பெனிக்காரங்க. 1969-ல ஹோண்டா சிபி750 முன் சக்கரத்துல டிஸ்க் பிரேக்கோட வந்துச்சு. பெருமளவுல தயாராகி விற்ற வண்டியில அது வந்து அரை நூற்றாண்டு தாண்டிடுச்சு. இன்னிக்கும் நம்ம நாட்டுல ஏழை பாழை வாங்குற நூறு சிசி வண்டியோட அடிப்படை மாடல் 130 மில்லிமீட்டர் டிரம்மோடதான் வருது. டிஸ்க் வேணுமா? மேல பணம் கட்டு. போன்ல பேச புளூடூத், கலர் கலரா மீட்டர், ஸ்டிக்கர் எல்லாம் கொடுக்குறாங்க. நிறுத்துற சாமானை மட்டும் ஆடம்பரப் பொருள் பட்டியல்ல வெச்சிருக்காங்க. ஷோரூம்ல போய்க் கேளுங்க: "மைலேஜ் எவ்வளவு"ன்னா உடனே சொல்லுவாங்க. "அம்பதுல போனா எத்தனை அடியில நிக்கும்"னு கேட்டா உங்களை ஒரு மாதிரி பார்ப்பாங்க. நாமளும் கேட்டதில்ல என்பது வேற விஷயம்.

இதுல ஒரு வேடிக்கை. எங்க மாவட்டத்துல சோளிங்கர்ல பிரேக்ஸ் இந்தியாவோட வார்ப்படத் தொழிற்சாலை இருக்கு. கார், லாரிக்கான பிரேக் பாகம் வார்க்குற ஊரு. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரைக்கும் உலகத்துக்கே ஷூ தைச்சு அனுப்புறோம். எவன் எவன் காலுக்கோ ஷூ போட்டு அனுப்புற ஊர்ல, நம்ம வண்டி முன் சக்கரத்துக்குள்ள இருக்கிற பிரேக் ஷூ கடைசியா மாத்தினது எப்போன்னு கேட்டா யாருக்கும் ஞாபகம் இல்ல. என் வண்டிக்கு 2006-ல வந்ததே இருந்துச்சு. தேயல. தேயறதுக்குப் பிடிச்சாத்தானே! கண்ணாடி மாதிரி மழமழன்னு இறுகிப் போயிருந்துச்சு.

இப்போ நகரத்து நண்பர்களே, உங்க பங்கு.

எங்க ஊருக்குப் பழைய வண்டி தேடி வரீங்க. மாட்டுக் கொட்டாய்ல கிடந்த ஆர்எக்ஸ்100, பழைய புல்லட், ராஜ்தூத், எதுவா இருந்தாலும் சொன்ன விலைக்கு வாங்கிட்டுப் போறீங்க. சந்தோஷம். எனக்குத் தெரிஞ்ச சென்னை நண்பர் ஒருத்தர் அப்படி ஒரு வண்டியை வாங்கி, டேங்குக்குப் பழைய கலரே அடிச்சு, குரோம் பூசி, சைலன்சர் சத்தத்துக்குன்னே தனியாச் செலவு பண்ணி, ஊருக்கு ஓட்டிக்கிட்டு வந்தார். தேர் மாதிரி இருந்துச்சு. நான் முன் பிரேக் லீவரைப் பிடிச்சு வண்டியை முன்னால தள்ளிப் பார்த்தேன். உருண்டு போச்சு. "ஒரிஜினலா இருக்கட்டும்னு டிரம்மைத் தொடலை" என்றார். ஆர்எக்ஸ்100 நம்ம நாட்டுக்கு வந்தது 1985-ல. அப்போ கலவை ரோட்டுல எதிரே என்ன வந்திருக்கும்? ரெண்டு மாட்டு வண்டி, ஒரு பஸ். இன்னிக்கு வாலாஜா பக்கம் நாலுவழிச் சாலையில ஏறினா முன்னால போற கார் ஏபிஎஸ் வெச்சு அப்படியே நிக்கும். பின்னால வர நீங்க 1985-லதான் நிப்பீங்க. ஒரிஜினலா இருக்க வேண்டியது வண்டியா, உங்க முட்டியா?

பழசை மதிக்கிறவங்க பழைய பழக்கத்தையும் பார்க்கணும். புல்லட் ஆளுங்க இதை ரொம்ப நாள் முன்னாடியே செஞ்சாங்க. திருவொற்றியூர்ல 1955-லேருந்து வந்த வண்டி அது. முன் சக்கரத்துல இருந்த ஆறு அங்குல டிரம் போதலைன்னு தெரிஞ்சதும், ஏழு அங்குலத்துல ரெண்டு ஷூவும் முன்னோக்கிக் கவ்வுற டிரம்மை வாங்கி மாட்டிக்கிட்டவங்க நிறையப் பேர். கம்பெனியே பின்னால அதைக் கொடுத்துச்சு. அப்புறம் டிஸ்க்கும் வந்துச்சு. அதுல புல்லட்டோட மானம் ஒண்ணும் போகல.

டிரம்முக்குள்ள நடக்கிறதைக் கொஞ்சம் சொல்லிடுறேன், அப்போதான் எதை மாத்தணும்னு தெரியும். சாதாரண டிரம்முல ரெண்டு ஷூ. சக்கரம் சுத்துற திசையில முன்னால போய்க் கவ்வுற ஷூவை சக்கரமே இழுத்து இன்னும் இறுக்கிக்கும். அதுதான் அதிக வேலை செய்யும். இன்னொரு ஷூவைச் சக்கரம் தள்ளி விடும், அது சோம்பேறி. ரெண்டு ஷூவும் முன்னோக்கிக் கவ்வுற மாதிரி ரெண்டு கேம் வெச்சுக் கட்டினதுதான் புல்லட்காரங்க மாட்டின டிரம். டிஸ்க்ல இந்தச் சிக்கலே இல்ல. வெளியில காத்துல இருக்கிறதால சூடும் சீக்கிரம் ஆறும். மழையில நனைஞ்சாலும் சீக்கிரம் துடைச்சிக்கும். எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்றதால கேபிள் மாதிரி இறுகிப் போறதில்ல.

நான் செஞ்சதைச் சொல்றேன். ரெண்டு கட்டமாச் செஞ்சேன்.

முதல் கட்டம், இருக்கிற டிரம்மையே சரி பண்ணது. புது ஷூ, நல்ல கம்பெனியோடது. பேர் மாத்தி ஒட்டின டூப்ளிகேட் வேணவே வேணாம். புது கேபிள். டிரம் உள்பக்கம் பள்ளம் விழுந்திருந்ததால லேத்துல கொடுத்துக் கடைஞ்சேன். கடையறதுக்கு ஓர் எல்லை உண்டு. அதிகபட்ச விட்டம் டிரம்முலயே பொறிச்சிருக்கும், அதைத் தாண்டினா ஹப்பையே மாத்தணும். கேம் தண்டைக் கழற்றித் துடைச்சுக் கொஞ்சமா கிரீஸ். பிரேக் பிடிக்கும்போது கேபிளும் பிரேக் கையும் ஏறத்தாழ எல் மாதிரி நேர்கோணத்துல நிக்கணும். ஷூ தேய்ஞ்சதும் அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் திருப்பி மாட்டிக் கொடுக்கிற பழக்கம் ஒண்ணு இருக்கு. லீவர் இறுகின மாதிரி இருக்கும். ஆனா தேய்மானம் காட்டுற குறி பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். அதைச் செய்யவே விடாதீங்க. மொத்தச் செலவு கூலியோட சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சது. ஒரு மூட்டை வேர்க்கடலையில ஒரு ஓரம்.

அந்த ஆயிரம் ரூபாயிலயே வண்டி வேற வண்டி ஆயிடுச்சு. இதைக் கவனமாப் படிங்க: பிரேக் மோசம்னு சொல்லப்படுற பழைய வண்டிங்கள்ல நிறைய, அப்படி வந்தது இல்ல. நாம கவனிக்காம விட்டு மோசமாக்கினது. டிஸ்க் மாத்த வசதி இல்லாதவங்க, மொபெட் மாதிரி மாத்த முடியாத வண்டி வெச்சிருக்கிறவங்க, இந்த முதல் கட்டத்தோட நின்னாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. டிரம்மைத் திறந்ததும் உள்ள இருக்கிற கருப்புத் தூளை மெக்கானிக் வாயால ஊதுவார். இல்லன்னா ஏர் வெச்சு அடிப்பார். பக்கத்துல நிக்கிற வேலை கத்துக்கிற பையன் அதைச் சுவாசிப்பான். பழைய லைனிங்ல கல்நார் கலந்திருக்கும். கல்நார் தூள் நுரையீரல்ல போய் உட்கார்ந்தா பல வருஷம் கழிச்சுப் புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். குரோமியக் கழிவோட வாழ்ந்து பார்த்த மாவட்டம் எங்களோடது. கண்ணுக்குத் தெரியாத விஷம் என்ன பண்ணும்னு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். ஈரத் துணியால துடைக்கச் சொல்லுங்க. காசா பணமா?

ரெண்டாவது கட்டம் டிஸ்க். பையன் அதே வண்டியில தினமும் காலேஜ் போறான், அதனால செஞ்சேன். இதுல அரைகுறை வேலை கூடவே கூடாது. டிரம் வண்டியோட ஃபோர்க் காலுல காலிப்பர் மாட்டுற இடமே இருக்காது. அங்க ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் வெச்சு மாட்டித் தரேன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. அவங்ககிட்ட வண்டியை விட்டுட்டு வராதீங்க. பிரேக் பிடிக்கிற நேரத்துல மொத்த விசையும் அந்த வெல்டிங் மேலதான் வரும். அது விட்டுச்சுன்னா காலிப்பர் சக்கரத்துக்குள்ள போய் மாட்டிக்கும். அப்போ அப்பா சொன்ன மாதிரி குப்புறத்தான் விழணும்.

சரியான வழி, அதே வண்டியோட டிஸ்க் மாடலோ, அதே குடும்பத்து வண்டியோ பார்த்து, ரெண்டு ஃபோர்க் காலு, ஹப்போட சக்கரம், அச்சு, அதுக்குரிய ஸ்பேசர், மீட்டர் கியர், டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒரே செட்டா மாத்துறது. காலிப்பர் ஒரு வண்டியோடது, மாஸ்டர் சிலிண்டர் வேற வண்டியோடதுன்னா லீவர் கல்லு மாதிரி இருக்கும், இல்லன்னா பஞ்சு மாதிரி இருக்கும். நான் புதுப்பேட்டைக்குப் போய் ஃபோர்க், சக்கரம், காலிப்பர் மட்டும் பழசு பார்த்து வாங்கினேன். ஹோஸ், பேட், மாஸ்டர் சிலிண்டர், சீல் எல்லாம் புதுசு. பிரேக் ஆயிலைப் பழசா எவனும் கொடுத்தா வாங்கக் கூடாது. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். மூடியில டாட் 3, டாட் 4ன்னு எழுதியிருக்கிறதைப் பார்த்து அதையே ஊத்தணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். மொத்தம் ஏழாயிரத்துக்குச் சற்றுக் கீழ ஆச்சு.

இவ்வளவும் செஞ்சுட்டு டயரைப் பார்க்காம விட்டா எல்லாம் வீண். டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 1409-ன்னா 2009-ம் வருஷம் பதினாலாவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் இருக்கு, தேயலைன்னு வெச்சிருப்போம். ரப்பர் மரக்கட்டை ஆயிருக்கும். மரக்கட்டை மேல எந்த பிரேக்கும் நிக்காது.

இப்போ எதிர்ப் பேச்சு. மூணு பேச்சு வரும்னு தெரியும்.

ஒண்ணு, "நான் நாற்பதுக்கு மேல போறதில்ல." நான் மட்டும் என்ன பறந்தா வந்தேன்? வேகம் நம்ம கையில. தெருவிலிருந்து யார் வருவாங்க என்பது நம்ம கையில இல்ல.

ரெண்டு, "காசு இல்ல." அந்த ஆயிரம் ரூபாய் நிஜமாவே இல்லாத வீடு எங்க ஊர்ல உண்டு, அவங்ககிட்ட நான் வாதம் பண்ணல. ஆனா எல்இடி விளக்கு, லாரி ஹாரன், சீட் கவர், நம்பர் பிளேட்ல தலைவர் படம், இதெல்லாம் போட்டிருக்கிற வண்டிக்காரர் காசு இல்லன்னா நான் ஒத்துக்க மாட்டேன். முதல் செலவு எதுன்னுதான் கேள்வி. நிலத்துக்கு முதல்ல வரப்பு கட்டுவோமா, பொம்மை வைப்போமா?

மூணு, "சட்டத்துல இடம் இல்ல." இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்துல இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிச்சு. தேய்ஞ்ச ஷூ, கேபிள், டயர் மாத்துறது பராமரிப்பு. அதுக்கு எந்தத் தடையும் கிடையாது. டிஸ்க் மாத்துறவங்க முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுக்கிட்டு, பில்லைப் பத்திரமா வெச்சுக்கங்க. ஆனா என் கோபம் இங்கதான். ஊரை எழுப்புற சைலன்சரையும் உயிரைக் காப்பாத்துற பிரேக்கையும் ஒரே தராசுல வெச்சா எப்படி? அதே கம்பெனி, அதே குடும்பத்து வண்டிக்குச் செஞ்ச டிஸ்க் செட்டைப் பழைய வண்டிக்கு மாட்டலாம்னு போக்குவரத்துத் துறை தெளிவா ஒரு உத்தரவு போடட்டும். கம்பெனிங்க அந்த செட்டை விலை போட்டு சர்வீஸ் சென்டர்லயே மாட்டிக் கொடுக்கட்டும். பதினஞ்சு வருஷம் ஆன வண்டியோட பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 300 ரூபாய்லேருந்து 1000 ரூபாய் ஆச்சு. கொடுக்கிறோம். அந்த ஆயிரத்துக்கு சேஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு எடுக்கிறதோட நிக்காம, ஒவ்வொரு வண்டியையும் ஓட வெச்சு, முன் பிரேக் மட்டும் பிடிச்சு நிறுத்திக் காட்டுன்னு கேக்கட்டும். லைசன்ஸ் டெஸ்ட்லயும் எட்டு போடச் சொல்ற மாதிரி இதையும் செய்யச் சொல்லட்டும். ஒரு தலைமுறையிலயே அந்த "குப்புற விழுவ" பேச்சு ஒழிஞ்சிடும்.

அது வர வரைக்கும் காத்திருக்க வேணாம். வர ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு நிமிஷம். வண்டியை நிறுத்தி, நியூட்ரல்ல போட்டு, முன் பிரேக் லீவரை மட்டும் இறுக்கிப் பிடிச்சு முன்னால தள்ளுங்க. சக்கரம் உருளக் கூடாது. ஃபோர்க் அமுங்கணும், பின்பக்கம் லேசாத் தூக்கணும். லீவர் ஹேண்டில் பாரை இடிக்குதுன்னா அன்னிக்கே மெக்கானிக். உங்க வண்டி மட்டும் இல்ல. ஊர்ல அப்பா ஓட்டுற வண்டி இருக்குமே, பொங்கலுக்கு வரும்போது பையில சட்டை வேட்டியோட ஒரு ஜோடி பிரேக் ஷூவும் எடுத்துக்கிட்டு வாங்க. அவர் "எதுக்குப்பா இது, நல்லாத்தானே ஓடுது" என்பார். ஓடுறது பிரச்சினை இல்லன்னு சொல்லுங்க.

அந்தப் பிள்ளைக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. கை சரியாயிடுச்சு. மறுபடி சைக்கிள்ல போறா. அந்தத் திருப்பத்துல நின்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் திரும்புறா. அவ கத்துக்க வேண்டியது அது ஒண்ணுதான், சீக்கிரமே கத்துக்கிட்டா. அவளோட சைக்கிளுக்கும் முன் பிரேக் கட்டை ரெண்டு நான்தான் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். "மாமா, முன் பிரேக்கைப் பிடிச்சா விழுந்துடுவேன்னு எங்க பாட்டி சொல்லுது" என்றாள்.

உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கேன்.